உம் கொட்டும் வேலை

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் 'உம்' அக்கா. வேலை, டெஸ்டர். ஆஸ்பத்திரிகளில் டோக்கன் போடும் மென்பொருளை மற்றவர்கள் எழுதுவார்கள். அதைத் தட்டி, உலுக்கி, ஏடாகூடமாகப் பயன்படுத்திப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று பதிவு செய்வது அவள் பாடு. பட்டப்பெயர் மட்டும் அந்த வேலையால் வந்ததல்ல.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சிக்கிக்கொண்டால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். யோசனை கேட்பதற்கு அல்ல, சும்மா சொல்வதற்கு. சொல்லிக்கொண்டே வருகையில் பாதி வழியில் விடை தானே தட்டுப்பட்டு, நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து ஓடுவார்கள். எதிரே இருப்பவர் செய்ய வேண்டியது, குறுக்கே பேசாமல் உம் கொட்டுவது. பூ, இவ்வளவுதானா என்று நினைப்பவர்கள் வீட்டில் முயன்று பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே "நான் என்ன சொல்றேன்னா" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். அக்கா ஆரம்பிக்க மாட்டாள். கை தன் வேலையைப் பார்க்கும், வாய் சரியான இடத்தில் "ம், அப்புறம்?" என்று சொல்லும்.

அவளுடைய முதல் வாடிக்கையாளன் அடுத்த நாற்காலிக்காரன், பட்டப்பெயர் புலம்பல். கெட்டிக்காரன்தான், ஆனால் வாயை மூடினால் மூளையும் மூடிக்கொள்ளும் ரகம்.

"அக்கா, ஒரே ஆளுக்கு ரெண்டு டோக்கன் விழுதுக்கா. பேரைச் சரிபார்க்கிறேன், போன் நம்பரைச் சரிபார்க்கிறேன்."

"ம்."

"அதுக்கப்புறம்தான் டோக்கனே போடுறேன். ஆனா அவசரத்துல பட்டனை ரெண்டு தடவை அமுக்கிட்டா..."

"ம், அமுக்கிட்டா?"

"அட, அதானா. சரி, விடுங்கக்கா." ஆள் திரும்பித் தட்ட ஆரம்பித்துவிடுவான். அந்தப் பிழை அவள் சோதனைக்கு வரும் முன்பே செத்துப்போகும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான், வேலை இன்னும் வேகமாக நடக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு ஆசை வந்தது. ஆளுக்கு இரண்டு திரை வந்தது. முதுகைத் தாங்கும் நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்த பிறகு அக்காவின் இடுப்பு வலி போனது என்பதை மறைக்கக் கூடாது. கண் கூசாத விளக்கு வந்தது. கடைசியாக, வெளியிலிருந்து வரும் சத்தத்தை அடியோடு விழுங்கும் ஹெட்போன் ஆளுக்கொன்று. கூடவே ஒரு விதி: இருக்கையில் யாரும் பேசக் கூடாது, எதுவானாலும் கணினி வழி சாட்டில் எழுத வேண்டும்.

அலுவலகம் மயான அமைதியானது. புலம்பல் ஒரு நாள் முழுக்கச் சாட்டில் புலம்பிப் பார்த்தான். அவள் பதிலுக்கு 'ம்' என்று தட்டினாள். எழுத்தில் வந்த 'ம்' உப்புக்குப் பெறவில்லை. மறுநாளே ஹெட்போனைக் கழுத்தில் தள்ளிவிட்டுக் குசுகுசுக்க ஆரம்பித்தான். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன் வந்தான், ஜன்னலோரத்திலிருந்து ஒருத்தி வந்தாள். அக்காவும் யாரையும் போகச் சொல்லவில்லை. பாவம், மூச்சு முட்டிப்போய் வருகிறார்கள்.

வினை சுவரில் வந்து உட்கார்ந்தது. யார் எத்தனை பிழை கண்டுபிடித்தார்கள் என்று காட்டும் பெரிய திரை. டெஸ்டர்கள் மூன்று பேர், மென்பொருளில் ஆளுக்கொரு பகுதி. மற்ற இருவர் எண்ணிக்கையும் விறுவிறுவென்று ஏறியது. அக்காவுடையது அடிமட்டத்திலேயே கிடந்தது. அவள் பகுதியில்தான் பிழைகள் வாய்வழியாகவே தீர்ந்துபோகின்றனவே, அவள் எதைப் போய்க் கண்டுபிடிப்பாள்? மூன்று பேரில் ஒருவரைக் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பிய வாரத்தில், மேனேஜர் அவளை மறுநாள் தன் கண்ணாடி அறைக்கு வரச் சொல்லி அனுப்பினார்.

அக்கா வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். கணவர் போட்டோகிராபர், கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் சோபா. வீடு ஓடுவது இவள் வேலையில். இந்த வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பதை நினைத்தாலே அழுகை வந்தது.

"அங்க போயும் தலையாட்டிட்டு வராத," என்றார் கணவர். "வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசு."

"பேசறேங்க," என்றாள். குளியலறையில் பேசியும் பார்த்தாள். பிரமாதமாக வந்தது.

மேனேஜர் நல்ல மனிதர், அவளைவிட இளையவர். கெட்ட செய்தி சொல்வது அவருக்குப் புதிது. மேசையில் பேனாவை உருட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"மேடம், மூணு பேர்ல உங்க எண்ணிக்கைதான் ரொம்பக் கம்மி."

"ம்," என்றாள் அக்கா. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒத்திகை பார்த்த நாலு வார்த்தையும் எங்கோ ஓடிவிட்டிருந்தன.

"கம்மின்னா, நீங்க சரியா தேடலைன்னு மேல சொல்றாங்க."

"ம், அப்புறம்?"

கடவுளே, என் வேலை போவதற்கு நானே உம் கொட்டுகிறேனே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வாய் பழகிய தோஷம். ஆனால் மேனேஜர் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். வெகு நாளாக அவர் சொல்வதை யாரும் குறுக்கிடாமல் கேட்டதில்லை போலிருக்கிறது.

"சரியா தேடலைன்னா, பிழையெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும். அங்கேயிருந்து புகார் வந்திருக்கணும்."

"ம்."

"மத்த ரெண்டு பேர் பகுதியில வந்திருக்கு. உங்க பகுதியில..." பேனா நின்றது. "உங்க பகுதியில ஒண்ணுகூட வரலையே. அப்ப அங்க பிழையே இல்லையா? அது எப்படி, எழுதறவங்க எல்லாரும் ஒரே மாதிரிதானே எழுதறாங்க?"

விடை தேடுகிறவர் போல் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். வரிசை வரிசையாக ஹெட்போன் மாட்டிய தலைகள், ஒன்றும் அசையவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒருவன் திரும்பி உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி, காலி நாற்காலி ஒன்றிடம் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"அவர் யார்கிட்ட பேசறாரு?"

"என்கிட்ட, சார்," என்றாள் அக்கா.

மேனேஜர் அந்த நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்போதுதான் அக்காவுக்கு வாய் திறந்தது. யார் யார் வருகிறார்கள், என்ன சொல்கிறார்கள், எந்த இடத்தில் எழுந்து ஓடுகிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். ஹெட்போன் வேண்டியவர்கள் மாட்டிக்கொள்ளட்டும், பேச வேண்டியவர்களுக்கு ஒரு மூலையாவது விடுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

"நீங்க போய் உங்க இடத்துல உக்காருங்க, மேடம்," என்றார் அவர். "உங்களைக் குறைக்கணும்னா முதல்ல என்னைக் குறைக்கட்டும். நான் மேல பேசிக்கிறேன்."

அவள் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். திரையில் எழுத்து தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. புலம்பல் திரும்பிப் பார்த்தான். இதுவரை அவளிடம் அவன் எத்தனையோ சொல்லியிருக்கிறான், ஒன்றும் கேட்டதில்லை.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. நீ உன் வேலையைப் பாரு."

அவன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான், நாற்காலியை முழுக்க அவள் பக்கம் திருப்பினான்.

"அது கிடக்கட்டும். உள்ள போனீங்க. ம், அப்புறம்?"

அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.