ஆறுக்குச் சம்மதம், ஏழாவதுக்கு இல்லை

திருவொற்றியூர் பள்ளியில் வரலாறு நடத்தும் எனக்கு, முதல் உலகப் போர் பாடத்தில் ஓர் இடம் வந்தால் குரல் தானாக உயரும். 1914இல் ஆஸ்திரியப் பேரரசு, சின்னஞ்சிறு செர்பிய ராஜ்ஜியத்திடம் பத்து நிபந்தனைகளை நீட்டி, நாற்பத்தெட்டு மணி நேரம் கெடு வைத்தது. எங்கள் இளவரசர் கொல்லப்பட்டதை விசாரிக்க எங்கள் அதிகாரிகளும் உங்கள் நாட்டுக்குள் வருவார்கள் என்பது அதில் ஒன்று. மற்றதற்கெல்லாம் ஏறக்குறைய தலையாட்டிவிட்டு, அதற்கு மட்டும் முடியாது என்றது செர்பியா. அந்த ‘முடியாது’ எனக்கு அவ்வளவு பிடிக்கும். இரண்டு மாதத்துக்குள் அந்தப் போரின் குண்டு நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டியில் வந்து விழுந்தது என்று சொன்னால்தான் கடைசி பெஞ்சு நிமிரும்.

நான் பிறந்தது எண்ணூர்க் குப்பத்தில். அண்ணன் அங்கே சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார். படகுகளைக் கட்டி நிறுத்தும் துறைக்குப் போகிற ஒரே பாதையை ஒரு கம்பெனி கேட்டது. ஊர் பந்தல் போட்டு உட்கார்ந்தது. அந்தத் தகராறில் அவர்களுடைய காவலாளிக்கு மண்டை உடைந்தது. அடித்தது யார் என்று தெரியவில்லை, அல்லது தெரிந்தவர்கள் சொல்லவில்லை. ஏழு நிபந்தனைகளோடு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு நாளில் பதில் வராவிட்டால் பாதை மூடப்படும். போராட்டப் பந்தலைப் பிரிக்க வேண்டும், மன்னிப்பு எழுதித் தர வேண்டும் என்று போய், ஏழாவதாக, அடித்தவனைக் கண்டுபிடிக்க ஊர்க்கூட்டம் நடத்தும் விசாரணையில் கம்பெனி ஆட்கள் இருவர் உட்காருவார்கள் என்றிருந்தது.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த மாப்பிள்ளைக்கே இடம் கிடையாது. வெளியே நின்றுதான் கேட்க வேண்டும். ஆனாலும் அண்ணன் எழுந்தார்.

“உக்காந்துட்டுப் போறானுங்க, வுடுங்கப்பா. நமக்கு வழி முக்கியமா, வீறாப்பு முக்கியமா?”

கூட்டம் அவர் பக்கம் சாயத்தான் பார்த்தது. நான்தான் கெடுத்தேன். படித்தவன் என்று எனக்கொரு மரியாதை இருந்தது. செர்பியாவின் கதையைச் சொல்லி, இன்றைக்குக் கூட்டத்துக்குள் விட்டால் நாளைக்கு நம் வீட்டுக்குள் வருவான் என்று கழுத்து நரம்பு புடைக்கப் பேசினேன். கைதட்டினார்கள். பதிலையும் என்னையே எழுதச் சொன்னார்கள். ஆறுக்குச் சம்மதம், ஏழாவதுக்கு இல்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன், பாவி.

மறுநாள் காலை கொடுக்கப் போனபோது, பாதையோரம் சிமெண்ட் தூண்களும் முள்கம்பிச் சுருள்களும் இறங்கிக் கிடந்தன. கம்பெனி அதிகாரி கடிதத்தை நின்றபடியே பார்த்துவிட்டு மேசையில் போட்டார். சாயங்காலத்துக்குள் வேலி எழும்பிவிட்டது. செர்பியாவின் பதில் வரும் முன்பே ஆஸ்திரியத் தூதர் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார் என்பதையும் வருஷா வருஷம் நான்தான் நடத்துகிறேன். கூட்டத்தில் அதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன்.

பாதைக்காக ஊர் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. காசிமேட்டுத் துறைமுகத்தில் படகை நிறுத்த அண்ணனுக்கு இடம் கிடைக்கவில்லை, விற்றுவிட்டார். இப்போது அதே கம்பெனியின் கேட்டில் காண்டிராக்ட் செக்யூரிட்டி. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் கேட்காமலே நான் ஆரம்பித்தேன்.

“எப்டியும் அடச்சிருப்பானுங்கண்ணா. கம்பி முன்னாடியே வந்து எறங்கிக் கெடந்துச்சி.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அந்த குட்டி ராஜ்ஜியம் அப்பால இன்னாடா ஆச்சி?”

“கடைசில ஜெயிச்சிட்டாங்கண்ணா.”

“அதுக்குள்ள?”

அதற்குள் அவர்கள் தோற்று, நாட்டையே விட்டு, பனி மலைகளைத் தாண்டிக் கடலைத் தேடி நடந்தார்கள். வழியெல்லாம் செத்து விழுந்தார்கள். இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை.

வெளியே ஹாரன் கேட்டது. அந்த அதிகாரியின் கார். அண்ணன் அவசரமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் கேட்டைத் தள்ளினார். சோறு ஒட்டிய வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையால் சல்யூட் வைத்தார்.