கிடாவுக்கு முன்னால் குனிந்தேன்

பினாங்கில் எங்கள் ஊரான ஆயர் ஈத்தாமில் தெருநாய் குரைத்துக்கொண்டு வந்தால் நான் ஓடுவதில்லை. சட்டென்று குனிவேன். கல் எடுக்கிறான் என்று நினைத்து நாய் ஓடிவிடும். ஐம்பத்து மூன்று வயது வரை என்னிடம் இருந்த வீரமே இவ்வளவுதான். அதைத்தான் இங்கிலாந்துக்கும் கொண்டு போனேன்.

மகளைப் பார்க்கப் போன இடத்தில், நானும் மனைவியும் ஒரு பழைய சந்தை ஊருக்குப் பஸ் பிடித்தோம். கோணலாக நிற்கும் மரச்சட்ட வீடுகள், கல்தூண்கள்மேல் சந்தை மண்டபம், பக்கத்தில் ஆட்டுப்பட்டிகள். மனைவிக்கு மூட்டு மாற்றி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நடப்பாள், ஓட முடியாது. விழுந்தால் மறுபடியும் ஆபரேஷன் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

பட்டிக் கதவு படாரென்று உடைந்தது. சில்லுகள் தெறிக்க ஒரு செம்மறிக் கிடா வெளியே வந்தது. தடுக்கப் போன பண்ணைக்காரரை முட்டிச் சாய்த்தது; அவர் மூக்கில் ரத்தம் கொட்டியது. பிறகு எங்களைப் பார்த்து நின்றது.

"ஏங்க, என்னால ஓட முடியாது."

"பயப்படாத லா, நான் இருக்கேன்ல," என்றேன். என் குரல் மட்டும் அதற்குள் பஸ் நிறுத்தம் வரை ஓடியிருந்தது.

அவளுக்கு முன்னால் போய் நின்று குனிந்தேன்.

கிடாவும் குனிந்தது.

இடது தொடையில் லாரி மோதியது போல ஓர் இடி. பக்கத்திலிருந்த சீஸ் கடை மேசையோடு சரிந்தேன். அதன்மேல் இருந்த கண்ணாடிப் பெட்டி நொறுங்கி என் முழங்கையைக் கிழித்தது. "அம்மா!" என்று அலறியது அவள் இல்லை, நான். எழப் பார்த்தேன், கால் வரவில்லை. கிடா அவள் பக்கம் திரும்பியது.

அவள் குனியவில்லை. பினாங்கிலிருந்து கூடவே வந்த ஃபிளாஸ்க்கைப் பையோடு சுழற்றிக் கிடாவின் மூக்கில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். மூன்றாவது அடியில் ஃபிளாஸ்க் உடைந்து அதன் முகமெல்லாம் சூடான கோப்பி. கிடா தலையை உதறிப் பின்வாங்க, பண்ணைக்காரர் பாய்ந்து கொம்பைப் பிடித்துத் தரையில் அமுக்கினார்.

"தலையைத் தாழ்த்தினால் சண்டைக்கு வா என்று அர்த்தம்," என்றார் ஆங்கிலத்தில், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "ஏன் ஐயா அதைக் கூப்பிட்டீர்கள்?"

"உன் மூட்டு?" என்றேன் அவளிடம்.

"நிக்கிறேன்ல? நீங்க எந்திரிங்க. ஆட்டுக்குக் கும்பிடு போட்டது போதும்."

போன வாரம் ஆயர் ஈத்தாம் பாசாரில் ஒரு நாய் உறுமிக்கொண்டு வந்தது. என் இடுப்பு தானாக வளைந்தது. பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள் மனைவி.

"நிமிந்து நில்லுங்க!"

நிமிர்ந்து நின்றேன். நாய் கடித்துவிட்டது. கிடா மிச்சம் வைத்திருந்த வலது காலில்.