அத்தைக்காகப் போட்ட டைல்ஸ்

கிள்ளானில் எங்கள் வீட்டின் முன்பக்கத்தை அப்பா இடித்துக் கட்டியதற்குக் காரணம் ஒரு முறுக்கு டின். அதற்கு முந்தைய தீபாவளியன்று, செலாயாங்கில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அந்த டின்னோடு வந்து எங்கள் கேட்டில் நின்றிருக்கிறாள். கேட்டில் சங்கிலிப் பூட்டு. பெல் செத்துப் பல மாதமாகியிருந்தது. நாங்களோ டிவி அலற, பின்னால் அடுப்படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் வெயிலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, டின்னைப் பையோடு கேட்டில் மாட்டிவிட்டு அத்தை போய்விட்டாள்.

"ஒரு போன் அடிச்சிருக்கலாம்லக்கா" என்று அப்பா கேட்டதுதான் வினையாகிவிட்டது.

"தம்பி வீட்டுக்குள்ள நுழைய நான் போன் அடிச்சு பெர்மிஷன் கேக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவள்தான். அதோடு பேச்சு வார்த்தை நின்றது. அம்மா காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்துவிட்டாள் என்று அத்தை சொன்னதாக, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அக்கறையோடு தெரிவித்தார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முறுக்கு டின்னைக் கழுவித் துடைத்து அலமாரி மேல் வைத்தாள். இவர்கள் இருவருக்கும் ஆகாது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். ஒன்பது வயதில் முடிவு கட்டுவதற்குப் பெரிய ஆதாரம் எதுவும் தேவைப்படுவதில்லை.

அப்பா அடுத்த தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது களத்தில் இறங்கினார். சங்கிலி குப்பைக்குப் போனது. இடுப்புயரத்துக்குப் புதுக் கேட் வந்தது. பெல் ஒன்றுக்கு இரண்டாக வந்தது, ஒன்று செத்தாலும் மற்றது அடிக்குமாம். ரோட்டிலிருந்து பார்த்தால் வீட்டு முகம் தெரிய வேண்டும் என்று முன்பக்கத் தகரக் கூரையையும் கழற்றிவிட்டார். கடைசியாகத் தரை. கடையில் அவர் கண் போனது, முகம் பார்க்கும்படி பளபளத்த கறுப்பு டைல்ஸ் மேல்.

"அண்ணே, இது வீட்டுக்குள்ள போடுறது லா" என்றார் டைல்ஸ் போட வந்தவர். "வெளிய போட்டா வெயில் தாங்காது."

"வர்றவங்கள வீடே கூப்பிடணும் தம்பி. போடுங்க."

போட்டார்கள். தீபாவளிக்கு முன் யார் காலும் பட்டு அழுக்காகிவிடக் கூடாது என்று அப்பா அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அதை முழுக்க மூடி வைத்தார். மறைத்து வைத்த அந்த அழகு எவ்வளவு சூடேறும் என்பது அதனால் எங்களில் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

தீபாவளிக்கு முதல் நாள் அப்பா அத்தைக்குப் போன் செய்து கெஞ்சினார். "வரேன்" என்றாள் அத்தை. "பிள்ளைக்காக வரேன். வாசல்லயே நின்னு அங்பாவ் குடுத்துட்டுப் போயிடுவேன். படி தாண்ட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அங்பாவ், அதாவது உறையில் போட்டுத் தரும் தீபாவளிக் காசு, உறுதியானதில் பரம திருப்தி.

தீபாவளி விடிந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் பாவாடை சரசரக்க வெளியே வந்தபோது அப்பா அட்டைகளை உருவிக்கொண்டிருந்தார். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

பளபளக்கும் டைல்ஸைக் கண்டால் கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் இதில் ஒற்றுமை. பத்தரை மணிக்கு வந்த அடுத்த வீட்டு மலாய் ஆன்டி, செருப்பைக் கழற்றி ஒதுக்கமாக வைத்துவிட்டு இரண்டடி வைத்தவர், "பானாஸ்! பானாஸ்!" என்று சூடு தாங்காமல் கூவிக்கொண்டே பலகாரத் தட்டோடு துள்ளி ஓடிவந்தார். அடுத்து வந்தவர்களும் அப்படியே. "செருப்போட வாங்க, பரவால்ல!" என்று அப்பா கத்தினார். "ஐயோ, புது டைல்ஸ்!" என்று சொல்லிவிட்டு, கழற்றிவிட்டு, குதித்தார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

"பழைய கார்ப்பெட்ட விரிச்சிடலாமா?" என்று கேட்டாள் அம்மா.

"அக்கா வந்து பாக்கறதுக்கு முந்தியே மூடறதா?" அப்பாவுக்கு அழுகை வராத குறை.

ஆகவே என் கையில் தண்ணீர்க் குழாய் வந்து சேர்ந்தது. யாராவது கேட்டுக்கு வந்தால் உடனே தரையை நனைக்க வேண்டும். அவ்வளவு முக்கியமான பதவி எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. புதுப் பாவாடை நனைய நனைய வேலை பார்த்தேன்.

அத்தையின் கார் வந்தபோது மணி ஒன்று. வெயில் உச்சியில் நின்றது. நான் குழாயைத் தூக்கினேன். தண்ணீர் நாலு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், அம்மா பைப்பை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அத்தைக்குக் கால் சுடும்!"

"நீ உள்ள போ பாப்பா." அம்மா என்னை வீட்டுக்குள் தள்ளி, கதவை அகலத் திறந்து வைத்தாள். பழி வாங்குகிறாள் என்று எனக்குப் பகீரென்றது.

அத்தை கேட்டைத் திறந்தாள். முகம் கல்லாக இருந்தது. ஆனாலும் தரையைப் பார்த்ததும் கால் தன்னால் செருப்பைக் கழற்றிவிட்டது. ஒரு கையில் அங்பாவ் உறை, மறு கையில் புடவைக் கொசுவம். முதல் மூன்றடியைக் கௌரவமாகத்தான் வைத்தாள். நாலாவது அடியில் நின்றாள். செருப்பு எட்டத்தில் கிடந்தது, கதவு பக்கத்தில் இருந்தது.

"ஐயோ! அம்மாடி! என்னடா தம்பி இது, தோசைக்கல்லா?"

ஒரு வருஷம் கழித்துத் தம்பியிடம் நேரில் பேசிய முதல் வார்த்தை அதுதான். சொல்லிக்கொண்டே அத்தை ஓடினாள். பட்டுப்புடவை முழங்கால்வரை ஏற, வாசற்படியை ஒரே தாவலில் தாண்டி, வரவேற்பறை சோபாவில் தொப்பென்று விழுந்தாள். உள்ளே இருந்த அத்தனை பேரும் சோபாவைச் சுற்றிக் கூடினார்கள். முதலில் சிரித்தது அத்தைதான். பிறகு யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்பா இரண்டையும் செய்தார். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"காலை இதுல வைங்கண்ணி" என்று சொல்லி அம்மா சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு பேசினை இழுத்தாள். அதில் விளிம்புவரை தண்ணீரும், கரைந்து பாதியாகியிருந்த ஐஸ் கட்டிகளும் இருந்தன. பக்கத்தில், வாய் நிறைய அதிரசத்தோடு, அந்த முறுக்கு டின். அம்மா தரையில் உட்கார்ந்து, சிவந்திருந்த அந்தப் பாதங்களைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டாள். அத்தை மாலைத் தேநீர் வரைக்கும் காலை எடுக்கவில்லை.

அங்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் அன்று முழுக்க யோசித்தேன். அவ்வளவு தண்ணீரையும் வாசலிலேயே ஊற்றியிருந்தால் அத்தைக்குக் கால் சுட்டிருக்காதே, இந்த அம்மாவுக்கு இது கூடவா தெரியவில்லை?