மீன் மிதந்த கிணறு

திருவண்ணாமலை ஹாஸ்டலில் இன்று கரப்பானுக்கு ஸ்பிரே அடித்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், கீழ்பென்னாத்தூர் பக்கம் இப்போது பிளாட் போட மூடிவிட்ட எங்கள் கிணற்றுப் படிக்கே போய்விட்டேன். வழுக்கும் பாசி, விரலிடுக்கில் வந்து கொத்தும் கெண்டைக் குஞ்சுகள், மேலே நின்று "குதிடீ, பயந்தாங்கொள்ளி" என்று கத்தும் அண்ணன், அவன் குதித்ததும் சுவரெல்லாம் மோதித் திரும்பும் சத்தம் என்று லீவு முழுக்க அங்கேதான் கிடப்போம்.

ஒரு வருஷம் வேர்க்கடலையில் கம்பளிப்பூச்சி இறங்கி, ரெண்டே நாளில் பாதிக் கொல்லையை மொட்டையடித்தது. அப்பா மருந்தடித்தார், மிச்சம் பிழைத்தது. மாடு, மண்வெட்டி எல்லாம் கழுவும் அதே படியில் மருந்து டேங்கையும் கழுவினார். மறுநாள் காலையில் மீனெல்லாம் வயிறு வெளுத்து மிதந்தன.

"பயிரு பொழச்சிச்சில்ல, மீனுக்கா அழுவுற?" என்றாள் அம்மா. அந்தக் கடலையைத்தான் வருஷம் முழுக்கத் தின்றோம். ஆனால் அந்தக் கிணற்றில் அப்புறம் யாரும் இறங்கவில்லை.

அப்பா இப்போது குத்தகை நிலத்தில் கத்தரி போட்டிருக்கிறார். அங்கேயும் கிணறு உண்டு, பிள்ளைகள் குளிக்கிறார்கள். உடனே போன் போட்டேன்.

"புழு ஜாஸ்தியா கீதும்மா, நாளைக்கி மருந்தடிக்கணும்."

"அடிப்பா, வேணான்னு சொல்லல. டேங்க் கழுவுற தண்ணியையும் செடிக்கே அடிச்சித் தீத்துடு. கிணத்தாண்ட போவாத."

"நீ இன்னா பெரிய ஆபீசரா?"

"ஆமா. மொத பஸ்ல வரேன். அதுவரைக்கும் மருந்து டப்பா மூடியத் தொறக்காத."

அவர் சிரித்தார். அவர் மருந்தடிக்கும்போது போட்டுக்கொள்ள நான் கையுறை வாங்கக் கிளம்பினேன்.