இருபத்தாறு ஓட்டு

தீயணைப்பு நிலையக் கூடத்தில் வெர்லின் ஸ்கோகன் மூன்று மணி நேரமாக நின்றுகொண்டு பான்கேக் புரட்டிக்கொண்டிருந்தார். தேர்தலுக்கு இரண்டு வாரம். மொன்டானாவின் கிழக்குக் கோடியில் அந்த மாவட்டத்துக்குப் பன்னிரண்டு வருடமாக அவர்தான் ஷெரீஃப், மக்கள் ஓட்டுப் போட்டு வைக்கும் காவல் தலைவர். போன தடவை முப்பத்தோரு வாக்கில் பிழைத்தார். இந்த முறை எதிரே நிற்பவன் இளைஞன். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"என் வண்டிய எவன் எடுத்துட்டுப் போனான்?" என்று வாசலிலிருந்து மார்சி கத்தினாள்.

கூடமே சிரித்தது. அந்தப் பக்கம் யாரும் வண்டியிலிருந்து சாவியை எடுப்பதில்லை. வண்டிகளில் பாதி வெள்ளை.

"ஆல்வின் கிழவனாத்தான் இருக்கும். போன மாசம் என்னோடத எடுத்துட்டுப் போய் வைக்கோல் ஏத்தி வச்சிருந்தாரு. மிச்ச வேலையும் முடியட்டும்னு நான் கம்முனு இருந்துட்டேன்!" என்றார் ஒருவர்.

வெர்லின் சிரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது. கரண்டியை யாரிடமோ கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

எட்டு மைல் தள்ளி, சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் மார்சியின் வண்டி ஓடும் எஞ்சினோடு நின்றது. ஆல்வின் ஹோவருட் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எண்பத்தாறு வயது. பிறந்ததிலிருந்து அந்த முனையில்தான் வீட்டுக்குத் திரும்புகிறார்.

"யாருக்குக் காத்திருக்கீங்க, பெரியவரே?"

"வாப்பா ஹெர்பர்ட். பலகைய எவனோ மாத்தி வச்சிட்டான்."

ஹெர்பர்ட் வெர்லினின் அப்பா. போய்ச் சேர்ந்து இருபது வருடம். வழிகாட்டிப் பலகை இருந்த இடத்தில்தான் இருந்தது.

"ஆமா, மாத்திட்டானுங்க. நகருங்க, நான் ஓட்டுறேன்."

பெரியவரின் கால்சட்டை நனைந்திருந்தது. வெர்லின் ஹீட்டரைக் கூட்டி வைத்தார்.

வீட்டில் ஆல்வினின் மகள் லோர்னா, வெர்லினோடு பள்ளியில் படித்தவள். அப்பாவுக்கு உடை மாற்றிவிட்டு வந்தவள், வெர்லின் மேசைமேல் வைத்திருந்த தாளைப் பார்த்தாள். ஆல்வினை மறுபடி ஓட்டிக்காட்டச் சொல்லி லைசன்ஸ் அலுவலகத்துக்கு எழுதும் தாள்.

"எழுதாத, வெர்லின். இந்த ஊர்ல தப்பு வண்டிய எடுக்காதவன் யாரு? நீயே எங்க அண்ணன் வண்டிய எடுத்துட்டுப் போனவன்தானே."

"போனேன். ஆனா வீடு போய்ச் சேர்ந்தேன்."

"எங்க வண்டி பேட்டரிய நான் கழட்டி வச்சிடுறேன்."

"ஊர் பூரா சாவியோட நிக்குது. எத்தனை பேட்டரிய கழட்டுவ? இது மறதி நோய்னு தெரிஞ்சாத்தான் சாவிய எடுப்பாங்க."

லோர்னா உட்கார்ந்தாள். "ரெண்டு வாரம் பொறு. எங்க குடும்பத்துல இருபத்தாறு ஓட்டு. மிரட்டலப்பா. அப்பாவ ஊர் சிரிக்க வச்சவனுக்கு என் தம்பிங்க போட மாட்டானுங்க, அவ்வளவுதான்."

நியாயமான வேண்டுகோள்தான். சரி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் அந்தச் சாலையில் காலை ஏழு பத்துக்குப் பள்ளிப் பேருந்து நிற்கும். தேர்தலுக்குள் பத்துக் காலைகள். வெர்லின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்த வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்காமல் அவரை அனுப்பியது அதுவே முதல் தடவை.

புதன்கிழமைக்குள் ஹோவருட் வீடுகள் ஐந்திலும் வெர்லினின் தேர்தல் பலகை பிடுங்கப்பட்டது. ஷெரீஃப் சொன்னதற்காக ஊர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டது. தொலைத்தவர்கள் அவரைத் திட்டினார்கள். மறுபரிசோதனையில் ஆல்வினின் லைசன்ஸ் போயிற்று.

தேர்தலன்று காலை அலுவலகத்துக்கு ஆல்வினே போன் செய்தார். அன்று தெளிவாக இருந்தார்.

"டேய் வெர்லின், என்னைய ஓட்டுப் போட யாருடா கூட்டிட்டுப் போவா?"

"ஒன்பது மணிக்கு வர்றேன்."

வண்டியில் ஏறியதும் ஆரம்பித்தார். "அந்தப் பையனுக்குத்தான் போடுவேன். உனக்கு இல்ல."

"போடுங்க. முதல்ல பெல்ட்டப் போடுங்க."

வெர்லின் பத்தொன்பது வாக்கில் தோற்றார். எண்ணி முடித்த எழுத்தர் கைகுலுக்க எழுந்து வந்தாள். இனி எதற்கும் நிற்க வேண்டியதில்லை; வெர்லின் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார்.