கழிப்பறைக்கு ஒரு ஹீட்டர்

என் கணவருக்குப் பீங்கான் தொழிற்சாலையில் சூளைப் பக்கம் வேலை. பகலெல்லாம் அனலுக்கு எதிரில் நிற்கிற மனிதர், மார்கழி வந்தால் வீட்டில் வெடவெடவென்று நடுங்குவார். அதிலும் கீழே இருந்த கழிப்பறை அவருக்குப் பரம வைரி. மாடிப்படிக்கு அடியில் சின்ன அறை. வெயில் எட்டிப் பார்க்காது. அத்தைக்கு முட்டிவலி வந்த பிறகு அதில் வெஸ்டர்ன் கோப்பை வைத்து, சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டினோம். விடியற்காலையில் உட்கார்ந்தால் ஐஸ் பாறைதான்.

ஒரு நாள் போன வேகத்திலேயே வெளியே வந்து, "இதுல ஒரு ஹீட்டரு போடணும்" என்றார்.

"தண்ணிக்குங்களா?"

"ரூமுக்கு."

சித்திரையில் ரோட்டுத் தார் உருகுகிற ஊர் எங்களுடையது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை சிரிக்கவில்லை. "பேசாம அந்தச் சூளையவே வூட்டுக்குத் தூக்கிட்டு வந்துடு" என்றார் மகனிடம்.

அவர் மங்கலம்பேட்டைக்குப் போனார். வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில், சுவரில் மாட்டுகிற ஹீட்டர் ஒன்று தூசி படிந்து கிடந்ததாம். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. "இதக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்று கடைக்கார பாய் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

எலக்ட்ரீசியன் வந்தார். எங்கே மாட்டுவது என்று காட்டினோம். கோப்பையைப் பார்த்தார், ஹீட்டரைப் பார்த்தார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "சாருக்கு ஏதாச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினேன்.

தண்ணீர் தெறிக்காத உயரத்தில், கதவுக்கு மேலே மாட்டி, சுவிட்சை வெளியே வைத்தார். போட்டதும் வீடே இருண்டது. மிக்சியில் சட்னி பாதியில் நின்றது. பழைய வயர் தாங்கவில்லை. மீட்டர் பெட்டியிலிருந்து தனியாகக் கனமான வயர் இழுத்து, எர்த்தும் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கணவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. கல்யாணமானதிலிருந்து அவர் பாடி நான் கேட்டதில்லை. தோசைக்கரண்டியோடு நானும் காபி டம்ளரோடு அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் வெளியே வந்ததும், "என்னதான் இருக்குதுன்னு பாத்துட்டு வரேன்" என்று அத்தை போனார். திரும்பவே இல்லை.

பயந்துபோய்க் கதவைத் தட்டினேன். "அத்தை, உள்ள என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா ஒக்காந்திருக்கேன்."

எனக்குப் பெண்ணாடத்தில் பள்ளிக்கூட வேலை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் ஒரு நிமிஷம் என்று நானும் நுழைந்தேன். யாரோ சால்வை போர்த்தியது போல உச்சந்தலையிலிருந்து தோள்வரை இதமாக இறங்கியது சூடு. எழுந்திருக்க மனம் வரவில்லை. ஒருவழியாகக் கதவைத் திறந்தால், ஷிப்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டிய கணவர் டிபன் கேரியரோடு வாசலில் நிற்கிறார்.

"இன்னொரு தடவ போயிட்டு வரேன்."

அத்தைதான் முதலில் சிரித்தார். மூவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் எனக்கு அடங்கவில்லை. தினமும் பார்க்கிற கண்டக்டர், "என்ன டீச்சர், காலையிலேயே ஒரே சிரிப்பு?" என்றார்.

"எங்க வூட்டு கக்கூசுல ஹீட்டரு போட்டிருக்கோங்க."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் முன்பக்கம் போய்விட்டார்.