உலக வரலாற்றில் பரமேஸ்வரி அக்காவுக்கு ஒரு பக்கம்

நாங்கள் மலேசியாவில், மலாக்கா பக்கம் சிம்பாங் அம்பாட்டுக்குக் குடிவந்த இரண்டாம் வாரம், அடுத்த வீட்டுப் பரமேஸ்வரி அக்கா ஒரு பெரிய சட்டி நிறைய மீகூன் என்னும் அரிசிச் சேமியாவைக் கிளறி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். இருபது பேர் சாப்பிடலாம். கூடவே ஒரு பையில் துவைத்து மடித்த பழைய சட்டைகள். பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். ஒரே பிள்ளைதான், உள்ளே கணக்குப் போடுகிறாள் என்றேன். அக்கா என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகுதான் விஷயம் புரிந்தது. மகள் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று அவர் முன்தினம் கேட்டபோது, "ஹோம் ஸ்கூல் நடத்துறேன்" என்று சொல்லியிருந்தேன். இந்த ஊர்த் தமிழில் ஹோம் என்றால் ஆதரவற்ற பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இல்லம். அந்தச் சட்டி மீகூனை நாங்கள் மூன்று வேளை சாப்பிட்டோம்.

ஊரில் இருக்கும் உங்களுக்கும் இது விநோதமாகத்தான் இருக்கும். நாசரேத்தில் நான் பத்து வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். பிள்ளையை வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். என் கணவருக்குச் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் பராமரிப்பு வேலை, ஒப்பந்தத்தில். எங்களைப் போல வேலை பெர்மிட்டில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது எளிதல்ல. இங்குள்ள சர்வதேசப் பள்ளிகளின் கட்டணமோ எங்களுக்கு எட்டாத தூரம். அப்போதுதான் சபையில் மிசஸ் டானைச் சந்தித்தேன். மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண்மணி. கிறிஸ்தவ முறையில் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நான்கு குடும்பங்களை அவர் ஒருங்கிணைத்து வந்தார். நாங்கள் ஐந்தாவது குடும்பம் ஆனோம். என் மகள் ஜெனிதாவுக்கு அப்போது பதினொரு வயது.

ஆளுக்கொரு பாடத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்தபோது எனக்கு உலக வரலாறு விழுந்தது. நான் கணக்கு டீச்சர். பள்ளியில் நான் படித்த வரலாறு என்பது அரசர்களின் வரிசையும் போர்களின் வரிசையும்தான்; பரீட்சை முடிந்த அன்றே மறந்தும் போனது. மிசஸ் டான் ஓர் அமெரிக்கப் பதிப்பகத்தின் நான்கு தொகுதிகளை மாதிரிக்குக் கொடுத்து, ஒரு மாதம் படித்துப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். தடித்த அட்டை, வழுவழுப்பான தாள், அழகழகான வரைபடங்கள். ஆதியாகமத்தில் தொடங்கி, ஒவ்வொரு காலத்திலும் தேவன் மனிதரோடு நடந்துவந்த கதையாக வரலாற்றைச் சொல்லியிருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், முதல் தொகுதியை ஒரே மூச்சில் படித்தேன். இதையே வாங்கிவிடலாம் என்று மனதுக்குள் முடிவும் செய்துவிட்டேன்.

பரமேஸ்வரி அக்காவுக்குத் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். காலையில் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, போய்த் திரும்பும்போது ஏதாவது கூவே பலகாரம் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்துவிட்டுப் போவார். ஐம்பதை நெருங்கும் வயது, நெற்றியில் அழியாத திருநீறு. ஜெனிதா அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அன்று நான் அடுப்படியில் இருந்தேன். புத்தகத்தில் என்ன படம் என்று அக்கா கேட்க, ஜெனிதா மூன்றாம் தொகுதியில் இந்தியா வரும் பக்கத்தை ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்து, தமிழில் ஒரு வரி சொல்லிக்கொண்டிருந்தாள். மிஷனரிகள் வருவதற்கு முன்பு அந்த மக்கள் சிலைகளைக் கும்பிட்டுக்கொண்டு இருளிலும் அறியாமையிலும் கிடந்தார்கள் என்ற இடத்துக்கு வந்ததும் அவள் குரல் நின்றுவிட்டது. நான் கரண்டியோடு வெளியே வந்தேன். பிள்ளை புத்தகத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிலா கண்ணு, ஏன் நிப்பாட்டிட்ட?" என்றார் அக்கா. அவள் படிக்கவில்லை. அக்காவே பேச்சை மாற்றி, தங்கள் மலேசியாவைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். ஜெனிதா அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினாள். நான்கு தொகுதியிலும் கிடைத்தது ஒரே ஒரு வரி: பிரிட்டிஷார் மலாயாவில் ரப்பர் பயிரிட்டுச் செழிப்பைக் கொண்டுவந்தார்கள்.

அக்கா சிரித்தார். "நட்டது எங்க தாத்தா. வெட்டுனது எங்கப்பாவும் அம்மாவும். வெள்ளக்காரரு நெழல்ல நின்னாருலா."

அவர் பிறந்தது புலாவ் செபாங் பக்கம் ஒரு தோட்டத்தில். அங்கே பால்மரம் என்று இவர்கள் சொல்லும் ரப்பர் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்து, இப்போது பாதி இடத்தில் வீடுகள் நிற்கின்றன. அதை ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்று தேநீரை முடித்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஜெனிதா என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். பெரியம்மா இருட்டிலா இருக்கிறார்கள்? என் பூட்டன்தான் எங்கள் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தவர். அவருடைய அண்ணன் எடுக்கவில்லை. அந்த வழி வந்தவர்கள் இன்றும் சுடலைமாடனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து பந்தலுக்கு வாழைமரம் கட்டியவர்கள் அவர்கள்தான். எங்கள் வீட்டில் யாரும் அவர்களை இருட்டில் இருப்பவர்களாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர்களுக்காக ஜெபித்திருக்கிறோம், அவர்கள் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறோம். அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது.

மூன்றாம் நாள் நானே அக்கா வீட்டுக்குப் போனேன். ஷிப்ட் மாறிவிட்டது, அதனால்தான் வரவில்லை என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் துணி மடித்துக்கொண்டே இருந்தார்.

"புத்தகம் எழுதுனவரு என்னைய பாத்ததில்ல, எஸ்தர். அவர் மேல எனக்குக் கோவமில்ல," என்றார். "நீங்க தெனமும் பாக்குறீங்க. பிள்ளை கையில என்னா குடுக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்லா."

மாத முடிவில் மிசஸ் டான் வீட்டில் கூடினோம். இந்தப் புத்தகம் வேண்டாம் என்றேன். எனக்கு ஆங்கிலத்தில் கணக்கு வரும், மனசு வராது. தட்டுத்தடுமாறி, இந்தப் பக்கத்தில் இருட்டில் கிடக்கும் மனிதர் ஞானஸ்நானத்துக்கு முந்திய என் பூட்டன், அதனால் எனக்கு இது பாரமாக இருக்கிறது என்றேன். மிசஸ் டான் வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். என் விசுவாசம் ஆட்டம் கண்டுவிட்டது, குடும்பத்தின் பழைய வழிகள் என்னை இழுக்கின்றன என்று நினைத்து, என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு ஜெபிக்கவே தொடங்கிவிட்டார். பாதி ஜெபத்தில் எப்படி நிறுத்துவது? ஆமென் சொல்லி முடித்தபின், சீனாவைப் பற்றிய பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்து, வாசிக்கும்படி கேட்டேன். மூதாதையருக்கு ஊதுபத்தி ஏற்றுகிறவர்களைப் பற்றி அதில் நான்கு வரி இருந்தது. அவர் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். தன் அம்மா சாகும்வரை ஊதுபத்தி ஏற்றியவர், தன்னைச் சபைக்குத் தவறாமல் அனுப்பியவரும் அவர்தான் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவர் உடனே மாறிவிடவில்லை. தேவனைப் பற்றியே பேசாத புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது என்பதில் உறுதியாக இருந்தார். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இன்னும் இரண்டு வாரம் தேடினோம். கடைசியில் கிறிஸ்தவர் ஒருவர் எழுதிய சிறிய தொகுப்பு கிடைத்தது. வழுவழுப்பான தாள் கிடையாது, வரைபடங்கள் கறுப்பு வெள்ளை. ஆனால் சிலுவைப் போர்களைப் பற்றி எழுதும்போது "எங்கள் ஆட்கள் செய்த பிழை" என்று எழுதும் துணிவு அவருக்கு இருந்தது. மலாயா அதிலும் ஒரு பத்திதான். அதற்கு இந்த நாட்டுப் பள்ளிகளின் செஜாரா பாடநூலைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. இங்கே வரலாற்றுக்கு அதுதான் பெயர்.

செஜாரா மலாயில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த மலாய், பாசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான். பரமேஸ்வரி அக்காவிடம் போய், எனக்கு வாசித்துப் பொருள் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் படிவம் மூன்றோடு, நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவர். இருந்தும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். மலாக்காவை நிறுவிய அரசன் பரமேஸ்வரா என்று வந்த இடத்தில், "பாத்தீங்களா, நம்ம பேருலா," என்று சிரித்தார். ரப்பர் தோட்டங்கள் வந்த பக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களைப் பற்றிச் சில வரிகள் இருந்தன. அதை இரண்டு முறை வாசித்தார். கொஞ்சமாவது போட்டிருக்கிறார்களே என்றார். மகிழ்ச்சியா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார். அவர் அம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனது, மழை பெய்தால் அன்றைய வேலை போய்விடுவது, தோட்டத்தை விற்றபோது லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வந்தது எல்லாம். ஜெனிதா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அவளை ரப்பரைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். "எங்கள் ஆட்கள் கப்பலில் வந்து காட்டை அழித்துப் பால்மரம் நட்டார்கள்" என்று தொடங்கியிருந்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தேன். எங்கள் ஆட்கள் கப்பலில் வரவில்லை. நாங்கள் விமானத்தில் வந்தவர்கள். இவள் அப்பாவின் பெர்மிட்டைப் புதுப்பிக்காவிட்டால் விமானத்திலேயே திரும்பிப் போகிறவர்கள். நான்கு வரி தள்ளி, "எங்கள் ஊரில் தேரி மணல் சிவப்பாக இருக்கும், அங்கே பால்மரம் வளராது" என்றும் எழுதியிருந்தாள். இரண்டு இடத்திலும் அதே "எங்கள்". இவற்றில் எதை அடிப்பது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் "பால்மரம்" என்ற சொல்லில் விட்டுப்போயிருந்த புள்ளியை மட்டும் வைத்துவிட்டு, நோட்டை மூடி அவளிடம் கொடுத்தேன்.